சேவுகனுக்கு மூச்சு வாங்குகிறது

பிப்ரவரி 10, திங்கள்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். கார்த்திகை மாதம் செல்லையா டீக்கடையில் ஆட்களைச் சாட்சி வைத்துக்கொண்டே சொன்னேன்: என் சிநேகிதன் சேவுகனுக்கு வருவது சாதாரணச் சளி இல்லை, மாசி பிறப்பதற்குள் அவனை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் நிறுத்தும் என்று. மாசி இன்னும் பிறக்கவில்லை. இன்று ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தோம்.

இந்த டைரி பிற்காலத்தில் அச்சாகும் என்பதால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் பொன்னழகு. சிங்கம்புணரியில் 'அழகு மைக் செட்' என்றால் நான்தான். காதுகுத்து, கல்யாணம், கபடி எதுவானாலும் மைக்கில் என் குரல். நான் இங்கே வாயைத் திறந்தால் திருப்பத்தூரில் கோழி எழுந்துகொள்ளும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. நிறுத்தியது பள்ளிக்கூடம் அல்ல, நான்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வள்ளிக்கண்ணு அக்கா வீட்டில் இருக்கிறேன். அத்தான் சிங்கப்பூரில் இருப்பதால் அந்த வீட்டுக்கு ஆண் துணை வேண்டுமே.

சேவுகன் என் வயது, என் உயரம், மூக்குக்குக் கீழே எனக்கு இருப்பது போலவே ஒரு மச்சம். கூச்ச சுபாவம். அதனால் அக்கா உட்பட ஊரில் யாரும் அவனைப் பார்த்ததில்லை.

டாக்டரம்மா சின்ன வயதுதான். நெஞ்சில் குழாயை வைத்தார். சில்லென்று இருந்தது என்று சேவுகன் பிறகு சொன்னான். ஆஸ்துமா என்றார். மூச்சுக் குழாயின் உள்பக்கம் வீங்கிக் கிடக்கிறதாம். நீலத்தில் ஒன்று, பழுப்பில் ஒன்று, வாயில் வைத்து அடிக்கிற இரண்டு பம்பு கொடுத்தார்கள். நீலம் மூச்சு முட்டும்போது. பழுப்பு, முட்டினாலும் முட்டாவிட்டாலும் தினம் காலையிலும் மாலையிலும். எப்படிப் பிடிப்பது என்று நர்ஸம்மா காட்ட வந்தார். காலமெல்லாம் மைக் பிடித்த கைக்கு இதைப் பிடிக்கக் கற்றுத்தர வேண்டுமா என்று கேட்டேன். பின்னால் கூட்டம் நின்றதால் அவரும் விட்டுவிட்டார்.

விஷயம் வெளியே போகக்கூடாது என்று சேவுகன் கேட்டுக்கொண்டான். அவன் தொழிலில் வாய்தான் முதல். மூச்சு வாங்குகிற ஆள் என்று பெயர் வந்தால் வேலை வேறு கைக்குப் போய்விடும். என்ன தொழில் என்று கேட்காதீர்கள்.

பிப்ரவரி 12, புதன்

நீலம் கெட்டிக்காரப் பம்பு. அடித்ததும் நெஞ்சு திறக்கிறது (சேவுகனுக்கு). பழுப்பு அடித்தாலும் ஒன்றுதான், அடிக்காவிட்டாலும் ஒன்றுதான்.

பிப்ரவரி 15, சனி

பூங்கோதை மதுரையிலிருந்து வந்துவிட்டாள். அக்கா மகள். மருந்துப் படிப்பில் மேல்படிப்பு. ஆராய்ச்சிக் கட்டுரை எழுத இரண்டு மாத லீவு. என்ன ஆராய்ச்சி என்று விசாரித்தால், ஆஸ்துமா மருந்து நுரையீரல் செல்லுக்குள் போய் வீக்கத்தை எப்படி அடக்குகிறது என்பதாம். இவள் இந்தப் படிப்பில்தான் போய் நிற்பாள் என்று அவள் தொட்டிலில் கிடக்கும்போதே நான் சொன்னவன்.

சேவுகனுக்காகக் கேட்கிறேன் என்று சொல்லித்தான் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, நான் வயர் சுற்றிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் தொழிலை வைத்தே விளக்கினாள். புத்திசாலி. எங்கள் குடும்பம்.

மூச்சுக் குழாயின் உள்சுவரில் செல்கள் வரிசையாக வீடு கட்டிக் குடியிருக்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் நடுவில் ஒரு ரூம். அதுதான் ஆம்ப்ளிஃபயர் ரூம் என்று வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஆஸ்துமாக்காரனுக்கு ஒரு துளி தூசி பட்டால் போதும், அந்த ரூமில் எல்லா ஸ்விட்சும் விழுந்து, வாங்க வாங்க என்று ஸ்பீக்கர் அலறத் தொடங்கிவிடும். சத்தம் கேட்டு ரத்தத்தில் இருக்கிற காவல் படை மொத்தமும் தெருவுக்குள் இறங்குகிறது. தெரு வீங்குகிறது, சளி கட்டுகிறது, காற்று போக வழியில்லை. திருடனே வரவில்லை. அறிவிப்பு மட்டும்தான்.

நீலப் பம்பு குழாயைச் சுற்றி இறுகிக் கிடக்கிற தசையைத் தளர்த்தி வழி விடுகிறது. கூட்டம் உள்ளேயேதான் நிற்கும். பழுப்பில் இருக்கும் மருந்து வேறு ஜாதி. அது செல்லின் சுவரைத் தாண்டி உள்ளே போகும். உள்ளே அதற்கென்றே ஓர் ஆள் காத்துக்கொண்டிருப்பான். இரண்டு பேரும் கை கோத்து ஆம்ப்ளிஃபயர் ரூமுக்குள் நுழைந்து அலறுகிற ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக அணைப்பார்கள்.

பிறகு ஏன் அடித்ததும் ஒன்றும் தெரிவதில்லை என்று சேவுகன் சார்பாகக் கேட்டேன்.

"மைக்க அணைச்ச ஒடனே கூட்டம் கலைஞ்சிருமா மாமா? நீங்கதான் சொல்லணும்."

கலையாது. திருவிழாவில் நான் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். கடைசிப் பாட்டு முடிந்த பிறகும் ஜனம் நின்றுகொண்டே இருக்கும்.

"அதான். தெனமும் அடிச்சா வாரக்கணக்குல கலையும். உங்க சிநேகிதர்கிட்டச் சொல்லுங்க, நல்லாருக்குன்னு நிறுத்திறக் கூடாது."

பிப்ரவரி 16, ஞாயிறு

செல்லையா கடையில் இதை வாசித்துக் காட்டினேன். நல்ல வரவேற்பு. ஞாயிறுதோறும் வாசிக்கச் சொல்கிறார்கள். கடைசியில் செல்லையா மட்டும், பால் ஆற்றிக்கொண்டே, "சேவுகனுக்கு டீ குடுக்கலாமாண்ணே?" என்று கேட்டான். கொடுக்கலாம் என்றேன். இன்னொரு கிளாசை என் முன்னால் வைத்துவிட்டுப் போனான். வீணாகக் கூடாது என்று நானே குடித்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

கோதைக்கு ஏதோ சாமான் எடுக்க வேண்டியிருந்தது, துணைக்கு மதுரை போனேன். பரிசோதனைக் கூடத்துக்குள் விட்டார்கள். சின்னச் சின்னத் தட்டில் நுரையீரல் செல்லை வளர்க்கிறாள். தட்டைக் குளிர்சாதனப் பெட்டி போன்ற ஒன்றில் உடம்புச் சூட்டில் வைத்திருக்கிறார்கள். அதற்கு வேண்டுமென்றே எரிச்சல் மூட்டுவாளாம், அலற விடுவாளாம், பிறகு மருந்தை விட்டு அலறல் எவ்வளவு அடங்குகிறது என்று அளப்பாளாம்.

பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்துப் பார்த்தேன். கூழாங்கல் பரப்பினாற்போல் இருந்தது. நான் பார்த்ததும் ஓரத்தில் இருந்த ஒரு செல் மரியாதையாகத் தலையாட்டியது. அதை யாரிடமும் சொல்லவில்லை. படித்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

திரும்பும்போது பேருந்து நிலையத்துப் படியில் சேவுகனுக்கு மூச்சு முட்டிவிட்டது. (அவனும் வந்திருந்தான். பின் சீட்டு.) கோதை பையைக் கீழே வைத்துவிட்டு, ஷூ கயிறு கட்டுகிறேன் என்று குனிந்து வெகுநேரம் கட்டினாள். செருப்புதான் போட்டிருந்தாள்.

மார்ச் 1, சனி

காலை எழுந்ததிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வயரை எடுத்து வெயிலில் போட்டேன், திரும்பச் சுற்றினேன். ஹார்ன் ஸ்பீக்கரைத் துடைத்தேன், துடைத்ததையே துடைத்தேன். கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்தேன். எதிரே கயிறு ஃபேக்டரியில் தேங்காய் நார் அடிக்கிற தூசி வந்தது. திரும்ப இழுத்தேன்.

"விடியக்காலம் ஒரு விசில் சத்தம் கேக்குதேடா. ஒங்கட்டில் பக்கமிருந்துதான் வருது" என்றாள் அக்கா. ஆம்ப்ளிஃபயர் இரைச்சல் என்றேன். கரண்டே இல்லையேடா என்றாள். பேட்டரி என்றேன்.

சாயங்காலம் கபடிக் கமிட்டி கூடியது. மார்ச் பதினைந்து, பதினாறு போட்டி. தலைவர் அம்பலம் ஐயா இந்த வருஷம் மைக்குக்குத் திருப்பத்தூர் கீர்த்திவாசனைப் போடலாமா என்று இழுத்தார். பையன் கம்ப்யூட்டர் வைத்து சைரன், கைதட்டல் எல்லாம் போடுகிறானாம். நான் எழுந்து நின்றேன். பாடிப் போகிறவன் கோட்டைத் தாண்டி மூச்சைப் பிடித்துக் 'கபடி கபடி' என்று திரும்பி வரும்வரை, அவன் கூடவே 'போகிறாஆஆர்' என்று ஒரே மூச்சில் இழுப்பேனே, அதை எந்தக் கம்ப்யூட்டர் செய்யும் என்று கேட்டேன். சபை அமைதியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது.

"என்னப்பா இருமலு?" என்றார் ஐயா.

தொண்டை கட்டியிருக்கிறது, கல்கண்டு போட்டால் சரியாகும் என்றேன். மைக் எனக்குத்தான் என்று முடிவாயிற்று. என்னை விட்டால் ஆள் கிடையாது என்பது நான் எதிர்பார்த்ததுதான்.

மார்ச் 2, ஞாயிறு

நீலம் காலி. அதற்கு முந்தியதும் காலி. சேவுகன் அதை எத்தனை தடவை அடிக்கிறார் என்று கோதை விசாரித்தாள். அவ்வப்போது என்றேன். அவ்வப்போது என்றால் என்றாள். சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. நீலம் இவ்வளவு செலவாவது நல்ல செய்தி இல்லை, உள்ளே கூட்டம் கூடிக்கொண்டே போகிறது என்று அர்த்தம், பழுப்பை அடிக்கிறாரா என்று கேட்டாள். இன்றிலிருந்து அடிப்பான் என்று சேவுகனுக்காக வாக்குக் கொடுத்தேன்.

வாக்கு என்றால் வாக்கு. இருவேளையும் அடிக்கிறான். முதலில் பம்பு வேலை செய்கிறதா என்று 'ஃபூ ஃபூ' என்று ஊதிப் பார்ப்பான், பிறகு அழுத்துவான், அழுத்தும்போதும் நன்றாக ஊதுவான். முறையாகச் செய்கிறான்.

மார்ச் 9, ஞாயிறு

அடிக்கிறான். மருந்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. மாடிப்படியில் ஹார்ன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினால் நடுவில் உட்கார வேண்டியிருக்கிறது. கோதையின் மருந்து தட்டில் மட்டும்தான் வேலை செய்யும்போல. இதை டீக்கடையில் வாசிக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

நாளை போட்டி. மேடையில் ஹார்ன் கட்டியாகிவிட்டது. மைதானத்தில் செம்மண் கொட்டித் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். வெயிலில் காய்ந்துவிடும்.

மார்ச் 18, செவ்வாய்

சில நாள் எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் சேவுகன் கூடவே இருந்ததால் நேரம் கிடைக்கவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சனிக்கிழமை மத்தியானம் மூன்றாவது ஆட்டம். ஒக்கூர்ப் பையன் பாடிப் போனான். நல்ல மூச்சுக்காரன், ஆறு பேர் சூழ்ந்தும் பிடி கொடுக்காமல் நிற்கிறான். காலுக்குக் கீழே மண் புகைகிறது. நான் 'போகிறாஆஆ' என்று இழுத்தேன். அவன் திரும்பவில்லை. நானும் விடவில்லை. அந்த இடத்தில்தான் மேடைக்குப் பக்கத்தில் நின்ற சேவுகன் விழுந்துவிட்டான். சிநேகிதன் விழும்போது மைக் பெரிதா? போட்டுவிட்டு அவன் கூடப் போனேன். மைக்கைக் கீர்த்திவாசன் எடுத்துக்கொண்டான் என்று பிறகு தெரிந்தது.

ஆம்புலன்ஸில் சேவுகன் மூக்கில் மாஸ்க் மாட்டினார்கள். புதுச் செருப்பு வாசம். அதற்குள் மருந்து புகையாக வரும், உப்புக் கரிக்கும். காற்று வெளியே அவ்வளவு இருக்கிறது, எல்லாரும் சுலபமாக எடுத்துக்கொள்கிறார்கள், நமக்கு மட்டும் ஒரு ஊசிமுனை அளவு கூடக் கிடைக்கவில்லை. பேச வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. பிறந்ததிலிருந்து அப்படி நடந்ததில்லை. சேவுகனுக்கு.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் பெயர் கேட்டார். கோதை என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "பொன்னழகு" என்றாள். கூட வந்தவர் பெயரைத்தான் எழுதுவார்கள்போல.

நேற்று சாயங்காலம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சேவுகன் பழுப்புப் பம்பை எப்படி அடிப்பார் என்று காட்டச் சொன்னாள். காட்டினேன். ஃபூ ஃபூ. அழுத்து. ஊது.

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் பம்பை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத ஊதக் கூடாது மாமா. உள்ள இழுக்கணும். நீங்க இத்தன நாளா ஊதிக்கிட்டே இருந்திருக்கீங்க." கொஞ்சம் நிறுத்தி, "சேவுகன் மாமா ஊதிக்கிட்டே இருந்திருக்காரு" என்று திருத்திக்கொண்டாள்.

மைக் என்றால் ஊதித்தான் பார்ப்பார்கள் என்றேன்.

"ஏந்தட்டுல இருக்க செல்லுக்கெல்லாம் மருந்து போய்ச் சேருது. நம்ம வீட்டுக்குள்ளயே இருக்க நெஞ்சுக்கு ஒரு சொட்டுப் போகல. நா என்னத்த ஆராய்ச்சி பண்ணி?"

அழுதாள். வார்டில் எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இதுவும் முதல் தடவை.

மார்ச் 20, வியாழன்

வீடு. பரீட்சை நேரத்தில் ஒலிபெருக்கியா என்று யாரோ போலீஸில் புகார் கொடுத்து, சனிக்கிழமையே போட்டியை நிறுத்திவிட்டார்களாம். மீதி ஆட்டங்கள் ஏப்ரல் பதின்மூன்றாம் தேதி. கீர்த்திவாசன் சைரன் போட்டதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது.

கோதை ஒரு பிளாஸ்டிக் குடுவை வாங்கி வந்தாள். ஒரு முனையில் பம்பைச் செருக வேண்டும், மறுமுனையில் வாயை வைக்க வேண்டும். அழுத்தினால் மருந்து குடுவைக்குள் காத்திருக்கும், நாம் மெதுவாக இழுத்துக்கொள்ளலாம். பார்க்க அச்சு அசல் குட்டி ஹார்ன். சத்தம் உள்பக்கமாகப் போகிற ஹார்ன். அடித்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாய்ப்புண் வரும்.

பம்பைத் தொட்டால் ஆயுசுக்கும் விட முடியாதாமே என்றாள் அக்கா. "சோத்த ஆயுசுக்கும் விட முடியலயேம்மா, அது பழக்கமா?" என்றாள் கோதை. அக்கா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மார்ச் 21, வெள்ளி

இழுத்தான்.

மார்ச் 23, ஞாயிறு

டீக்கடைக்குப் போகவில்லை. செல்லையா ஆள் அனுப்பி, சேவுகன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தான். தெருவில் தபால்காரர் கேட்டார். ரேஷன் கடையில் கேட்டார்கள். முன்பின் பார்க்காத ஒருவனுக்காக ஊர் இவ்வளவு விசாரிப்பது ஆச்சரியம். நல்ல மனிதன்போல.

மார்ச் 30, ஞாயிறு

விடியக்காலையில் விசில் இல்லை. அக்காதான் முதலில் கவனித்தாள். "பேட்டரி தீந்துபோச்சாடா?" என்று கேட்டுவிட்டு, தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஹார்ன் பெட்டியை மாடிக்கு ஏற்றினேன். நடுவில் உட்காரவில்லை. நீலப் பம்பு எங்கே வைத்தேன் என்று தேட வேண்டியிருந்தது.

கூட்டம் கலைகிறது.

ஏப்ரல் 7, திங்கள்

கமிட்டி. வாசலிலேயே நின்றேன். கீர்த்திவாசன் முன்வரிசையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தான். உள்ளே போவதா வேண்டாமா என்று செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன். அம்பலம் ஐயா வெளியே பார்த்துக் கை காட்டினார்.

உடம்பு பற்றிக் கேட்பார், பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்.

"பைனலுக்கு மைக் ஒனக்குத்தான். ஒண்ணே ஒண்ணு. சேவுகனக் கூட்டிக்கிட்டு வராத."

சபையே சிரித்தது. கீர்த்திவாசனும் சிரித்தான். நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாவிட்டாலும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளை சித்திரை முதல் தேதி. அக்கா மாங்காய் வாங்கி வைத்திருக்கிறாள். அதெல்லாம் நாளை எழுதுகிறேன்.

காலையில் குட்டி ஹார்னில் இழுத்துவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் போனேன். செம்மண்ணுக்கு இந்த முறை நடுநடுவே தண்ணீர் தெளிக்க ஐயா ஏற்பாடு செய்திருந்தார். யார் கேட்டுக்கொண்டது என்று கோதையிடம் கேட்டேன். தெரியாது என்றாள்.

இறுதி ஆட்டம். அதே ஒக்கூர்ப் பையன். கடைசியாகப் பாடிப் போகிறான். அவன் கோட்டைத் தாண்டியதும் மைதானம் முழுக்க அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. நான் எடுத்தேன். 'போகிறாஆஆஆர்' என்று அவன் ஒருவனைத் தொட்டு, இன்னொருவனைத் தாண்டி, மண்ணில் விழுந்து கோட்டை எட்டிப் பிடிக்கும்வரை இழுத்தேன். ஒரே மூச்சு என்று ஊர் பேசுகிறது. நடுவில் ஒரு தடவை மூச்சு எடுத்தேன். கேட்டபோது நெஞ்சு கொடுத்தது, அவ்வளவுதான். கூட்டத்தில் கோதைக்கு மட்டும் அது தெரிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

பரிசளிப்பு முடிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். கயிறு ஃபேக்டரியில் நார் அடிக்கிற ராக்கு வந்து நின்றாள். சேலையெல்லாம் நார்த்தூசி. பேசுவதற்கு முன்னால் கொஞ்சம் நின்று மூச்சு எடுத்தாள். அந்த விசில் எனக்குத் தெரியும். இரண்டு பனை தூரத்தில் வந்தாலும் தெரியும்.

"அண்ணே, சேவுகன்னு ஒருத்தரு பம்பு அடிச்சு நல்லாயிட்டாராமே. எனக்கும் பழுப்புக் கலர்ல குடுத்துருக்காக. அத அடிச்சா சாகுற வரைக்கும் விட முடியாதுன்னு எங்க மாமியா பரண்ல தூக்கிப் போட்டுருச்சு. அவரு வந்து ஒரு வார்த்த சொன்னா மாமியா கேக்கும். அவர எங்கண்ணே பாக்கலாம்?"

இரண்டு கமிட்டி ஆட்கள் பக்கத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கீர்த்திவாசன் ஜெனரேட்டர் பக்கம் நின்றான். சேவுகன் வெளியூர் போயிருக்கிறான் என்று வாய் வரை வந்துவிட்டது. ராக்குவின் விசில் கேட்டது.

பையிலிருந்து குட்டி ஹார்னை எடுத்தேன். எல்லாரும் பார்க்கப் பம்பைச் செருகினேன். ஊதக்கூடாது, இழுக்க வேண்டும் என்று சொல்லி இழுத்துக் காட்டினேன். அடியோடு போய்விடவில்லை, அடங்கியிருக்கிறது, தினம் இழுத்தால்தான் அடங்கியிருக்கும் என்றேன். மாமியாரிடம் நாளைக் காலை நானே வருகிறேன் என்றேன். வாய் கொப்பளிக்கக் கீர்த்திவாசன் தண்ணீர் பாட்டில் நீட்டினான். யாரும் சிரிக்கவில்லை.

ராக்குவிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன், அச்சில் வந்தாலும் வரட்டும். சேவுகன் என்று யாரும் கிடையாது. நானாக உண்டாக்கியது.

மற்றபடி இந்த டைரியில் உள்ளது அத்தனையும் சத்தியம். மதுரையில் அந்தச் செல் தலையாட்டியது உட்பட.